குழந்தைகள் பார்க்கும் ப்ராங்க் வீடியோக்கள்: ஒரு தாத்தாவின் தணிக்கை

(புனேயில் நடைபெற்ற உறுப்பினர் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம் செயலாளர் வழக்கம்போல "ஓய்வு பெற்றவர்களும் வருமான வரியும்" என்ற தலைப்பில்தான் பேசச் சொன்னார். மூன்று வருஷமாக அதையே பேசி வருகிறேன். கேட்டவர்களில் பாதிப் பேர் கண்ணயர்ந்ததை மேடையிலிருந்து நானும் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை வேறு விஷயம் பேசுகிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். காரணம், என் அகத்துக்காரியின் வலது மணிக்கட்டு. முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். "ஏன்னா, என் கையைப் பத்தியெல்லாம் சபையில பேச வேண்டாம்" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். பேசத்தான் போகிறேன், மன்னிக்கட்டும்.

எங்கள் பேரனுக்கு அப்போது ஐந்தரை வயது. பிள்ளைக்கும் மாட்டுப்பெண்ணுக்கும் மென்பொருள் நிறுவனங்களில் உத்தியோகம். ஸ்கூல் வேன் மத்தியானம் ஒன்றரை மணிக்கு அவனை இறக்கிவிட்டால், ராத்திரி ஏழு மணி வரை அவன் எங்கள் பொறுப்பு. சாப்பாடு, துணி மாற்றுவது, ஹோம்வொர்க் எல்லாம் பாட்டி. இரண்டு மணிக்கு மேல் அவள் கொஞ்சம் தலை சாய்ப்பாள். அந்த இரண்டு மணி நேரம் மட்டும் என் ட்யூட்டி. நான் பார்த்த ட்யூட்டியின் லட்சணம் இதுதான்: டேப்லெட்டை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வேன்.

ஒன்றுமே பார்க்காமல் கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். ரயில்வே கணக்குத் தணிக்கையில் 34 வருஷம் இருந்தவன். அவ்வப்போது மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்ப்பேன். சதுரம் சதுரமான பொம்மைகள் ஓடிக்கொண்டிருக்கும். ரத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, கட்டிப்பிடிப்பது இல்லை. மனசுக்குள்ளேயே "யு" சர்டிபிகேட் கொடுத்துவிட்டேன். பின்னணியில் யாரோ ஓர் இளைஞன் ஓயாமல் கத்திச் சிரிப்பது மட்டும் காதுக்கு இம்சையாக இருக்கும். சத்தத்தைக் குறைக்கச் சொல்வேன். அத்தோடு என் தணிக்கை முடிந்தது.

அகத்துக்காரிக்கு முழங்கால் வலி. தரையில் உட்கார முடியாது. ஸ்வாமி அலமாரிக்கு எதிரே ஒரு பிரம்பு ஸ்டூல் போட்டு, மேலே பச்சைத் துண்டு ஒன்றை விரித்து உட்கார்ந்துதான் ஸ்லோகம் சொல்வாள். ஒரு சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு உட்காரப் போனாள். ஸ்டூல் இருக்க வேண்டிய இடத்தில், ஏதோ சாமான் வந்த அட்டைப்பெட்டி, அதே பச்சைத் துண்டைப் போர்த்திக்கொண்டு இருந்தது. பெட்டி நசுங்கி, கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டருகே எலும்பு முறிவு. வயதானவர்கள் கையை ஊன்றி விழுந்தால் பெரும்பாலும் அந்த இடம்தான் உடையும் என்றார் டாக்டர். ஆறு வாரம் மாவுக்கட்டு.

விழுந்த அந்தக் கணத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து குழந்தை குதித்து வெளியே வந்தான். கைதட்டிச் சிரித்து, "ப்ராங்க் பாட்டி, ப்ராங்க்!" என்றான். பாட்டி எழுந்திருக்கவில்லை. அவன் சட்டென்று படுக்கையறைக்கு ஓடினான். நாங்கள் இவளைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டிருக்கும்போது திரும்பி வந்து, "பாட்டி அங்க வரல்லியே" என்றான். பயத்தில் ஏதோ உளறுகிறான் என்று நினைத்தேன். அது உளறல் இல்லை என்று எனக்குப் புரியப் பத்து நாள் ஆயிற்று. அதை அப்புறம் சொல்கிறேன்.

அன்று ராத்திரி ஆத்தில் ஒரு பெரிய சபை கூடியது. பிள்ளை, "டேப்லெட்டையே தூக்கிப் பரண்ல போடு" என்றான். மாட்டுப்பெண், "அந்த விளையாட்டு தப்பில்லே, அதை வெச்சு ஸ்கூல்லயே பாடம் நடத்தறா" என்றாள். அகத்துக்காரி வலியோடு, "குழந்தையை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்கோ" என்றாள். கடைசியில் மாட்டுப்பெண்தான் என்னைப் பார்த்து, "அப்பா, நீங்கதானே ஆடிட்ல இருந்தேள்? நீங்களே உக்காந்து பாத்துச் சொல்லுங்கோளேன்" என்றாள். குத்திக்காட்டினாளோ, நிஜமாகவே கேட்டாளோ தெரியாது. இரண்டுமே நியாயம்தான்.

ஆக, மாவுக்கட்டு இருந்த ஆறு வாரமும் தினம் அரைமணி நேரம், பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 41 வீடியோக்கள் பார்த்தேன். டேப்லெட் என் பிள்ளையின் கணக்கில் இருந்ததால், அவன் பார்த்ததெல்லாம் வரிசையாகப் பதிவாகியிருந்தது. அதுதான் என் வவுச்சர் கட்டு. பார்க்கிறவருக்கு 36 வயது என்று நினைத்துக்கொண்டுதான் அந்த யந்திரம் அடுத்தடுத்து எடுத்துக் கொடுத்திருக்கிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

விளையாட்டின் பெயர் மைன்கிராஃப்ட். நம்மில் பலர் ஆத்தில் இந்தப் பெயர் அடிபட்டிருக்கும். ஸ்வீடன் தேசத்து மோஜாங் கம்பெனி உருவாக்கி 2011-இல் முழுமையாக வெளியிட்டது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியை 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-க்குள் 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. கட்டை கட்டையாக அடுக்கி வீடு கட்டலாம், சுரங்கம் தோண்டலாம், பயிர் வைக்கலாம். நான் சொல்கிறேன், விளையாட்டு அருமையான விளையாட்டு. நம் காலத்தில் மணலில் கோயில் கட்டினோமே, அதற்குத் தம்பி. இதில் ஒருவர் செத்துப்போனால் சாவே கிடையாது. எந்தக் கட்டிலில் கடைசியாகப் படுத்தாரோ, அதன் பக்கத்தில் உயிரோடு மறுபடி முளைத்துவிடுவார்.

பத்தாவது நாள் இதைத் திரையில் பார்த்தேன். குழந்தை அன்று படுக்கையறைக்கு ஏன் ஓடினான் என்பது அப்போது புரிந்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இப்போது என் தணிக்கைக்கு வருகிறேன். எல்லாரும் செய்யும் முதல் தப்பு, விளையாட்டையும் விளையாட்டு வீடியோவையும் ஒன்றென்று நினைப்பது. விளையாட்டுக்கு வயது முத்திரை உண்டு. மைன்கிராஃப்டுக்கு ஐரோப்பாவில் 7 வயதுக்கு மேல் என்றும், அமெரிக்காவில் 10 வயதுக்கு மேல் என்றும் போட்டிருக்கிறார்கள். நம் பேரன் இரண்டுக்கும் கீழே என்பதை விடுங்கள். அந்த முத்திரை கட்டைகளுக்குத்தான். கட்டைகளை வைத்துக்கொண்டு ஓர் இளைஞன் தன் சிநேகிதனை அழவைத்துச் சிரிக்கிறானே, அந்தக் கதைக்கும் அந்தச் சிரிப்புக்கும் முத்திரை கிடையாது. நம் தேசத்தில் 2023-இல் சட்டத்தைத் திருத்தி, சினிமாவுக்கு யு/ஏ என்பதையே 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். யூடியூபில் யாரோ ஒருவர் ஏற்றும் வீடியோவை முன்கூட்டிப் பார்த்து சர்டிபிகேட் கொடுக்க எந்தப் போர்டும் இல்லை. உயிருக்கு ஆபத்து என்று எதிராளியை நம்பவைக்கும் ப்ராங்க், குழந்தைகளைக் கடுமையாக மனம் நோகவைக்கும் ப்ராங்க் இவற்றுக்கு இடமில்லை என்று அந்தக் கம்பெனி 2019-இல் விதியைத் தெளிவாக்கியது. அது நிஜ மனிதர்களை வைத்துச் செய்வதற்கு. கட்டைப் பொம்மை மேல் செய்தால் அது வெறும் ஆட்டம்தானே! ஆக, போர்டு என்பது அந்த நேரத்தில் குழந்தைக்குப் பக்கத்தில் இருப்பவர்தான். எங்கள் ஆத்தில் அந்த போர்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தது.

முதல் நாலு நாள் என் நோட்டில் பழைய பத்திகள்தான் போட்டிருந்தேன்: அடிதடி, வசவு, பயம். ஏறக்குறைய எல்லா வீடியோவும் பாஸாகிவிட்டது. இவளைக் கீழே தள்ளிய வீடியோவும் அதே பத்திகளில் பாஸாகிவிட்டது! ஒருவன் சிநேகிதன் வீட்டில் தரைக்குக் கீழே குழி தோண்டி, மேலே தரை மாதிரியே மூடி வைக்கிறான். அவன் வந்து விழுகிறான். ரத்தமில்லை, வசவில்லை. பத்திகளே தப்பு என்று புரிந்து, நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன்.

பழைய விஷயம் ஒன்று நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் சர்வகலாசாலையில் ஆல்பர்ட் பந்தூரா என்ற மனோதத்துவப் பேராசிரியர் 1961-இல், மழலைப் பள்ளிக் குழந்தைகளுக்கு முன்னால் பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிக்கிற மாதிரி செய்து காட்டினார். அதைப் பார்த்த குழந்தைகளும் பொம்மையை அப்படியே அடித்தன. இது பலருக்குத் தெரியும். 1965-இல் அவர் வெளியிட்ட அடுத்த ஆராய்ச்சிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அதே அடிக்கும் காட்சியைப் படமாக எடுத்து, மூன்று விதமான முடிவு வைத்தார். ஒன்றில் அடித்தவருக்குப் பரிசு, ஒன்றில் கண்டிப்பு, மூன்றாவதில் ஒன்றுமே நடக்கவில்லை. கண்டிப்பைப் பார்த்த குழந்தைகள் குறைவாகக் காப்பியடித்தன. ஒன்றுமே நடக்காததைப் பார்த்த குழந்தைகள், பரிசைப் பார்த்த குழந்தைகளுக்குக் கிட்டத்தட்டச் சமமாகக் காப்பியடித்தன. இன்னொரு விஷயம்: "செய்து காட்டினால் பரிசு" என்றதும் மூன்று கோஷ்டியும் அதேபோலச் செய்து காட்டின. அதாவது கற்றுக்கொள்வது எல்லாரும்தான். செய்வதா வேண்டாமா என்பதைத்தான் முடிவுக் காட்சி தீர்மானிக்கிறது. நாம் "யாரும் அடிபடவில்லை, ஒன்றும் ஆகவில்லை, அதனால் தேவலை" என்கிறோம். குழந்தைக்கு "ஒன்றும் ஆகவில்லை" என்பதே பரிசு மாதிரி!

அதனால் என் முதல் பத்தி: கடைசியில் சிரிப்பது யார்? ஏமாந்தவனும் சிரிக்கிறானா, ஏமாற்றியவன் மட்டுமா? இரண்டாவது: உடைத்ததைத் திரும்பக் கட்டிக் கொடுக்கிறானா? எடுத்ததைத் திருப்பி வைக்கிறானா? இந்த இரண்டு பத்தியில் மட்டும் 41-இல் 29 வீடியோ அடிபட்டுப்போயின. ஒருவன் சிநேகிதன் பத்து நாள் தோண்டிச் சேர்த்த வைரங்களை எரிமலைக் குழம்பில் கொட்டுகிறான். சிநேகிதன் குரல் தழுதழுக்கிறது. இவன் சிரித்துக்கொண்டே, "பிடித்திருந்தால் சப்ஸ்கிரைப் பண்ணுங்கள்" என்கிறான். அதோடு வீடியோ முடிந்து, அடுத்தது தானாக ஓட ஆரம்பிக்கிறது.

மூன்றாவது பத்தி, நம் ஆத்தில் செய்யக்கூடியதா என்பது. சிநேகிதன் வீடு முழுக்க நூற்றுக்கணக்கான கோழிகளை நிரப்பி வைக்கும் வீடியோ ஒன்று. கதவைத் திறந்ததும் கோழிகள் கொட்டுகின்றன. இருவரும் சிரித்துப் புரள்கிறார்கள். பேரனுக்கு விக்கலே எடுத்துவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கோழி வீடியோவின் பாதிப்பு மறுநாள் என் வாக்கிங் ஷூவுக்குள் தெரிந்தது. இரண்டிலும் கத்திரிக்காய் நிரப்பி வைத்திருந்தான். அதற்கு யாருக்கும் எலும்பு முறியாது. ஆனால் குழி மூடுவது, கதவைத் தாளிடுவது, உட்காரும் இடத்தை மாற்றுவது, சாப்பாட்டில் வேறொன்றைக் கலப்பது எல்லாம் நம் ஆத்திலேயே சாத்தியம். வயதானவர்கள் இருக்கும் ஆத்தில் இந்த மூன்றாவது பத்திதான் முதல் பத்தி.

நாலாவது பத்தி வீடியோவைப் பற்றியதே இல்லை, குழந்தையைப் பற்றியது. ஒரு தமாஷைத் தமாஷ் என்று புரிந்துகொள்ள, "எனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது" என்பது புரிய வேண்டும். 1983-இல் விம்மர், பெர்னர் என்ற இருவர் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். பையன் திரும்பி வந்தால் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள், இப்போது சாக்லேட் இருக்கும் அலமாரியைக் காட்டின. நாலு, ஐந்து வயதில்தான் இது பிடிபட ஆரம்பிக்கிறது. இதை நான் வீடியோவை நடுவில் நிறுத்தி நிறுத்திச் சோதித்தேன். "பெட்டி காலின்னு அந்த அண்ணாவுக்குத் தெரியுமோ?" "தெரியாது தாத்தா!" இதில் பாஸ். "சரி, அவர் நிஜமாவே அழறாரா?" "நிஜமாத்தான்." "ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சுண்டு நடிக்கறா இல்லையோ?" என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அவர் நிஜமா அழறார் தாத்தா. ஆனா ஒண்ணும் ஆகாது." அந்தக் கடைசி வாக்கியத்தை அப்படியே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நிஜமாக அழுகிறார், ஆனால் ஒன்றும் ஆகாது. ஐந்தரை வயதுக் குழந்தைக்கு இந்த வீடியோக்கள் சொல்லிக் கொடுத்த பாடம் அதுதான்.

பெரியவர்களே இதில் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு 2017-இல் ஒரு விஷயம் நடந்தது. அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்தில் ஒரு தந்தையும் சிற்றன்னையும் தங்கள் குழந்தைகளையே ப்ராங்க் செய்து, அதுகள் அழுவதைப் படமெடுத்து யூடியூபில் போட்டுவந்தார்கள். இரண்டு குழந்தைகளைக் கோர்ட் பெற்ற தாயிடம் ஒப்படைத்தது. குழந்தைகளைப் புறக்கணித்த குற்றத்துக்கு அந்தத் தம்பதிக்கு ஐந்து வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தார்கள். எல்லாம் விளையாட்டுத்தான் என்பதே அவர்கள் முதலில் சொன்ன சமாதானம்.

இதற்காகக் குறும்பே கூடாது என்று சொல்ல வந்தவன் இல்லை நான். வெண்ணெய் திருடியவனைக் கொஞ்சிப் பாடி வளர்ந்த கூட்டம் நாம். ஆனால் அதே பாட்டுகளில் ஆய்ச்சியர் வந்து புகார் சொல்கிறார்கள். யசோதை உரலில் கட்டுகிறாள். அதையும் சேர்த்துத்தான் குழந்தைகளுக்குச் சொன்னோம். ராமன் கூனியின் முதுகில் மண்ணுண்டை அடித்து விளையாடியதை அயோத்தியில் எல்லாரும் மறந்திருக்கலாம். அடிபட்டவள் மறக்கவில்லை என்று கம்பர் காட்டுகிறார். அடித்தவன் ராமனாகவே இருந்தாலும் ஏமாந்தவள் பக்கத்துக் கணக்கும் ஏட்டில் ஏறியிருக்கிறது.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர் ஜில்லாவில் எங்கள் கிராமத்தில் ஓர் அத்தைப் பாட்டி இருந்தாள். கண் சரியாகத் தெரியாது. எனக்கு ஏழு வயது. அவளுடைய கைத்தடியை மாட்டுக்கொட்டிலில் ஒளித்து வைத்துவிட்டு, அவள் திண்ணையைத் தடவித் தடவித் தேடுவதைப் பார்த்துச் சிரித்தேன். அப்பா என்னை அடிக்கவில்லை. "தடியை எடுத்தவன் தடியா இருக்கட்டும்" என்றார். ஒரு வாரம் நான்தான் அவளைக் கையைப் பிடித்து ஆற்றுக்கும் கோயிலுக்கும் அழைத்துப் போனேன். அவள் எவ்வளவு மெதுவாக நடப்பாள், எத்தனை கல்லில் கால் இடறும் என்பது அதற்கு முன் எனக்குத் தெரியவே தெரியாது.

அதையே இங்கேயும் செய்தோம். மாவுக்கட்டு இருந்தவரை பாட்டிக்கு வலது கை பேரன்தான். தம்ளர் எடுத்துக் கொடுப்பது, கண்ணாடி மாட்டிவிடுவது, ஸ்வாமிக்குப் பூ சாத்துவது எல்லாம் அவன். முதல் இரண்டு நாள் உற்சாகம். மூன்றாம் நாள் "எப்போ கட்டு பிரிப்பா?" என்று கேட்டான். ஆறு வாரம் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. ஒன்றும் ஆகாது என்பது போய், ஆறு வாரம் ஆகும் என்பது அப்போதுதான் உள்ளே இறங்கியிருக்க வேண்டும்.

நடைமுறை விஷயம் நாலு வார்த்தை. யூடியூப் கிட்ஸ் என்று குழந்தைகளுக்கான தனிச் செயலி 2015 முதல் இருக்கிறது. அதில் 4 வயது வரை, 5 முதல் 8 வரை, 9 முதல் 12 வரை என்று பிரிவுகள் உண்டு. விளையாட்டு வீடியோக்களை அந்தக் கம்பெனியே 9-12 பிரிவின் விவரத்தில்தான் சொல்லியிருக்கிறது. பெற்றோர் பார்த்துச் சம்மதித்ததை மட்டும் காட்டும் ஏற்பாடும் இருக்கிறது. இளம் பெற்றோர்கள் இன்றே அதைப் போட்டுக்கொள்ளுங்கள். தேடுவதையும், அடுத்த வீடியோ தானாக ஓடுவதையும் நிறுத்திவிடுங்கள். நான் பார்த்தவரை முதல் வீடியோ பெரும்பாலும் பரவாயில்லை. விபரீதம் எல்லாம் ஐந்தாவது, ஆறாவதில் வருகிறது. நேரம் எவ்வளவு என்பதற்கு இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொன்ன அளவே போதும்: இரண்டு வயது வரை வேண்டாம், ஐந்து வயது வரை பெரியவர் மேற்பார்வையில் ஒரு மணிக்குள், பத்து வயது வரை இரண்டு மணிக்குள்.

என் அபிப்ராயம் கேட்டால், நாலு வயதுக்குள் ப்ராங்க் வீடியோ எதுவுமே வேண்டாம். தமாஷ் புரியாது, செய்கை மட்டும் பதியும். ஐந்து முதல் எட்டு வரை, கோழி வீடியோ மாதிரி, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, நடுவில் நிறுத்திக் கேட்க முடிந்தால் காட்டலாம். முடியாதென்றால் டேப்லெட் பரணிலேயே இருக்கட்டும். பிள்ளை சொன்னதுதான் சரி. எங்கள் ஆத்தில் 41-இல் 9 வீடியோவுக்கு அனுமதி. எட்டு நான் போட்டது. ஒன்று, நான் வேண்டாம் என்றதை அவன் வாதாடி ஜெயித்தது.

ஒன்றுக்கு மட்டும் இன்னும் தீர்ப்பாகவில்லை. சிநேகிதன் தூங்கும்போது அவன் வீட்டு மாடிப்படியைக் கலைத்துவிட்டு, விடிந்ததும் இருவரும் சேர்ந்து அதைவிடப் பெரிய படி கட்டுகிறார்கள். திரும்பக் கட்டிவிட்டார்களே, பாஸ் பண்ணுங்கள் என்கிறான் பேரன். நானும் சரி என்றேன். அகத்துக்காரி கூடாது என்கிறாள். ராத்திரி எழுந்து அவன் மாடிப்படியில் கால் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறாள். பேரன், "அவர் கட்டிலுக்குப் பக்கத்துல…" என்று ஆரம்பித்தான். பாட்டியின் கையைப் பார்த்தான். நிறுத்திக்கொண்டான். அந்த வீடியோ என் நோட்டில் நிலுவையில் இருக்கிறது.